முதலை வாயில் பிள்ளை! மேடையில் நிம்மதி உபதேசம்!

மன நிம்மதி வேண்டுமா? ஆண்டவனை நம்பு. பாரத்தை அவன் காலடியில் இறக்கி வை. நடப்பதெல்லாம் அவன் செயல் என்று இரு!

இந்த மருந்தைத் தேடி அவிநாசி வட்டாரத்தில் யாரும் அலைய வேண்டியதில்லை. மருந்தே நம்மைத் தேடி வருகிறது. மண்டபத்துச் சொற்பொழிவில் வருகிறது. விடியற்காலை டெலிவிஷனில் வருகிறது. கைபேசியைத் திறந்தால் பூவும் விளக்கும் போட்ட படமாக வருகிறது. மில் விடுதியில் கூட்டுப் பிரார்த்தனையாகவும், பனியன் கம்பெனியில் தியான வகுப்பாகவும் வருகிறது. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பவர்கள் உண்டு. இலவசமாகக் கொடுப்பவர்களும் உண்டு. நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பவரை மட்டும் நாம் இன்னும் பார்க்கவில்லை.

நோய் என்ன, யாருக்கு வந்தது, எதனால் வந்தது என்று கேளாமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறவனை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நாடியை நாமே பிடித்துப் பார்ப்போம்.

ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேமுக்கு முன்னால் இரவு ஷிப்டு நிற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இரவு முழுவதும் நடை. விடிந்து அறைக்கு வந்தால் கூரை கொதிக்கிறது, கண் மூடவில்லை. அடுத்த வாரம் பகல் ஷிப்டு. அதற்கடுத்த வாரம் மறுபடியும் இரவு. மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, தூக்கமும் பசியும் அதைப் பார்த்துத்தான் வருகின்றன என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் கடிகாரத்தின் முள்ளை வாராவாரம் பிடித்துத் திருகிவிட்டு, "உனக்கு ஏனம்மா மனம் அலைபாய்கிறது?" என்று கேட்கிறார்கள்!

பஞ்சு மில்லில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருஷம் உழைத்தவரைக் கேளுங்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் தளரும், அடுத்த லீவு முடிந்ததும் மறுபடி வரும். இது மனபாரமல்ல. பஞ்சுத் தூசி நுரையீரலில் இறங்குவதால் வரும் நோய். தொழிற்சாலைச் சட்டமே தொழில் நோய்ப் பட்டியலில் வைத்திருந்த நோய். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் "ரொம்ப யோசிக்கிறீங்க, கோவிலுக்குப் போய்ட்டு வாங்க" என்று சொல்லும் சூப்பர்வைசர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

திருப்பூர்ப் பக்கம் போவோம். பவர் டேபிள் டைலர், கைமடிக்கும் பெண், செக்கிங், அயர்ன் மாஸ்டர், எல்லோருக்கும் ஒரே விதி. ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு. ஆர்டர் நின்றால் "அடுத்த வாரம் வந்து பாருங்க." 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்க சர்க்கார் 50 சதவீத வரி போட்டது. கையெழுத்து விழுந்தது வாஷிங்டனில். ஆர்டர்கள் நின்றது திருப்பூரில். வருஷத்துக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் துணி ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அந்த 40 ஆயிரம் கோடியைத் தைத்த கைகளுக்கு, வருகிற சனிக்கிழமை சம்பளக் கவர் வருமா வராதா என்று தெரியவில்லை.

விவசாயக் கூலிக்கு மழை இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் கூலி. குழுக் கடன் தவணை வசூலிக்க வாசலில் வந்து நிற்பவருக்கோ மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கிழமை தவறாமல் வருகிறார்.

இவர்களுக்கெல்லாம் தூக்கம் வரவில்லை என்றால் கோளாறு மனதிலா இருக்கிறது? ஷிப்டு அட்டவணையில் இருக்கிறது. கடன் நோட்டில் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

கும்பிடுகிறவரோடு நமக்குச் சண்டை இல்லை

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கருணாம்பிகை சந்நிதியில் கை கூப்பி நிற்கும் தாயைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. அவர் கண்ணீர் பொய்யல்ல. அங்கே நிற்கும் ஐந்து நிமிஷத்தில் அவருக்குக் கிடைக்கும் ஆறுதலும் பொய்யல்ல. மார்க்ஸ் மதத்தை அபின் என்று சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1844-ல் அதை எழுதிய அதே இடத்தில், நசுக்கப்பட்டவனின் பெருமூச்சு என்ற பொருளிலும் அவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அபின் வலி தீர்க்கும் மருந்தாகவும் விற்றது. வலி இருப்பதால்தான் மருந்து. வலித்தவனைத் திட்டி என்ன பயன்?

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிற பனியன் தொழிலாளியைப் பாருங்கள். காலில் கொப்புளம். தோளில் காவடி. ஆனால் முகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! முருகன் அருள் என்கிறார் அவர். இருக்கட்டும். நாம் இன்னும் சிலவற்றையும் பார்க்கிறோம். அந்த இரண்டு மூன்று நாள் அவருக்கு ஷிப்டு இல்லை. மெஷின் இரைச்சல் இல்லை. பின்னால் நின்று பீஸ் எண்ணுகிறவன் இல்லை. பக்கத்தில் பத்துப் பேர் கூடவே நடக்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் வழியில் நிறுத்திச் சுக்குக் காப்பி கொடுக்கிறார்கள். கால் பிடித்து விடுகிறார்கள். திறந்த வானம், நல்ல காற்று, அலுத்த உடம்பில் ஆழ்ந்த தூக்கம். ஓய்வும் தோழமையும் மரியாதையும் சேர்ந்தால் மனிதன் முகம் தெளியத்தான் செய்யும். இந்த மூன்றும் வருஷத்தில் மூன்று நாள் மட்டும் கிடைக்க வேண்டும், மீதி நாளெல்லாம் கிடைக்கக் கூடாது என்று எந்த முருகன் சொன்னான்?

நமக்குச் சண்டை வேறு ஆளோடு. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வந்து, "அழாதே, நிம்மதியாக இரு" என்று சொல்லிவிட்டு, பறித்தவன் வீட்டில் விருந்து சாப்பிடுகிறானே, அவனோடு.

மில் ஆபீசிலும் மளிகைக் கடையிலும் சுவரில் தொங்கும் "கீதாசாரம்" என்ற காலண்டர் அட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடந்ததும் நடப்பதும் நல்லதே, நீ எதை இழந்தாய் அழுவதற்கு என்ற தோரணையில் அது பேசும். கீதையில் 700 சுலோகங்கள். அந்த 700-லும் தேடிப் பாருங்கள். அட்டையில் உள்ள அந்த வசனம் இருக்காது. யாரோ எழுதி, யாரோ அச்சடித்து, கண்ணன் படத்தைப் போட்டு மாட்டியது. சரி, கீதைதான் என்ன சொல்கிறது? வில்லைக் கீழே போட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்தவனை எழுந்து நின்று போராடச் சொல்கிறது! அது யாருடைய போர், எந்த வர்க்கத்தின் நியாயம் என்பது தனி விவாதம். இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் போர்க்களத்துப் புத்தகத்தைத் தாலாட்டாக மாற்றிய சாமர்த்தியம் இருக்கிறதே, அது காலண்டர்க்காரன் சாமர்த்தியம். இரண்டு மாதப் பி.எப். பணத்தைக் கட்டாமல் விட்டவன் மேஜைக்குப் பின்னால் அந்த அட்டையை மாட்டிவைத்தால், "எதை இழந்தாய்" என்ற கேள்விக்கு நம் தொழிலாளி துல்லியமாகப் பதில் சொல்லலாம். ரூபாய், பைசா வரையில் சொல்லலாம்.

அவிநாசிக் குளக்கரையில் நடந்தது என்ன?

கீதை எங்கோ குருக்ஷேத்திரத்தில் நடந்தது. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். அவிநாசியில் வளர்ந்த குழந்தை எதுவும் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்ததில்லை. தாமரைக்குளம், முதலை, பிள்ளை, சுந்தரர். ஆனால் மேடையில் இருப்பவர்கள் இதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நாம் முழுவதும் சொல்கிறோம். இது நம் சரக்கல்ல. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்தது.

சுந்தரர் சேர நாட்டுக்குப் போகும் வழியில் திருப்புக்கொளியூருக்கு வருகிறார். அவிநாசியின் பழைய பெயர் அது. வேதியர் தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகுரல். என்ன இது என்று கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்துக்குப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்தவனுக்கு இன்றைக்குப் பூணூல் கல்யாணம். இழந்தவர்கள் வீட்டில் அழுகை என்கிறார்கள்.

(இரண்டு வீடுமே அக்கிரகாரத்து வீடுகள்தான். அந்தக் குளத்தை வெட்டியவர்களின் பிள்ளைகளை எந்த முதலை விழுங்கியது என்று புராணம் கணக்கு வைக்கவில்லை. போகட்டும்.)

வந்திருப்பவர் சுந்தரர் என்று கேள்விப்பட்டதும் பிள்ளையை இழந்த தாயும் தகப்பனும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு வந்து அவர் காலில் விழுகிறார்கள். பிள்ளையை இழந்தவர் நீங்கள்தானா என்று கேட்கிறார். அது முன்னமே நடந்து போனது, உங்களைக் கும்பிடக் கிடைத்ததே எங்கள் பாக்கியம் என்கிறார்கள்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் காலத்து உபதேசியார் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார். "பார்த்தீர்களா! பக்தியால் புத்திர சோகமே மறந்து போயிற்று! இதுவல்லவா மன நிம்மதி!" என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார்.

சுந்தரர் என்ன செய்தார்? அந்த நிம்மதியை அவர் ஏற்கவில்லை. "நல்லது, மனம் ஆறிவிட்டீர்கள், இப்படியே இருங்கள்" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுக் கோவிலுக்குள் போய்விடவில்லை. இவர்கள் தங்கள் துயரத்தை மறந்து என்னை வரவேற்கிறார்களே என்று அவர் மனம் நோகிறது. முதலை வாயிலிருந்து பிள்ளையை அழைத்துக் கொடுத்த பிறகுதான் அவிநாசியப்பனைக் கும்பிடுவேன் என்கிறார். முதலில் பிள்ளை, பிறகுதான் சாமி. குளக்கரைக்குப் போய் நின்று பாடிக் கேட்கிறார். நாலாவது பாட்டு முடிவதற்குள் முதலை கரைக்கு வந்து, போன வருஷங்களின் வளர்ச்சியோடு பிள்ளையை உமிழ்ந்தது என்கிறது புராணம். அதற்குப் பிறகே அவர் கோவிலுக்குப் போகிறார்.

முதலை வயிற்றில் பிள்ளை வளராது. அதை நம்பச் சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை. நாம் சொல்வது, இந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு இருந்த நியாய உணர்ச்சிகூட இன்றைய நிம்மதி வியாபாரிகளுக்கு இல்லை என்பதுதான். பிள்ளை போன வீட்டில் நிம்மதி என்றால் பிள்ளை திரும்பி வருவதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுந்தரர் அடக்க ஒடுக்கமாகக் கும்பிட்டவரும் அல்ல. அவருக்குப் பெயரே வன்தொண்டன். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடியபோது, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டவர். (மூல ஓலை எதிராளி கையிலேயே இருந்ததால் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்குத் தோற்றது. நகல்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் நம் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) குண்டையூரில் நெல் கிடைத்தபோது, நெல் மட்டும் போதுமா, அதைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் எங்கே என்று கேட்டவர். முதுகுன்றத்தில் கிடைத்த பொன்னை ஆரூர்க் குளத்தில் எடுத்தபோது மாற்றுக் குறைகிறதா என்று உரைத்துப் பார்த்தே வாங்கியவர். கண் போனபோது கடவுளையே ஏசிப் பாடியவர். கடவுளிடமே கூலி, எடை, தரம் மூன்றையும் சரிபார்த்த இந்த மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம்மிடம் வந்து, கேளாதே, கணக்குப் பார்க்காதே, கிடைத்ததில் திருப்தியாக இரு என்கிறார்களே, இது எந்த ஊர் சைவம்?

வடலூரில் வள்ளலார் செய்ததும் இதே வரிசைதான். 1867-ல் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். ஞானசபை வந்தது 1872-ல். சோறு முந்தி, ஜோதி பிந்தி. பசித்தவனிடம் தியானம் பேசுவதற்கு அவருக்கு ஐந்து வருஷம் வெட்கம் இருந்தது.

குளத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது?

முதலை கிடக்கட்டும், குளத்துக்குள் தண்ணீர் வேண்டுமே! அவிநாசி வட்டாரம் மழை மறைவுப் பூமி. வருஷக்கணக்கில் குளங்கள் வறண்டன; கிணறுகள் வறண்டன; ஆயிரம் அடி ஆழ்துளை போட்டும் புகைதான் வந்தது. நம் ஜனங்கள் வேண்டாத தெய்வமில்லை. மாரியம்மனுக்குப் பூச்சாட்டினார்கள். மழைச் சோறு எடுத்தார்கள். கொங்கு நாட்டு மழைச் சோற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும்: பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கி, பொது இடத்தில் கூடி உண்டு, இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, ஊரை விட்டே போகிறோம் என்று மழைத் தெய்வத்திடம் முறையிட்டு ஒப்பாரி வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் அது கடவுளுக்கே கொடுக்கும் வேலைநிறுத்த நோட்டீஸ்!

இந்த வேண்டுதல்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பவானியாற்றில் உபரியாக ஓடும் வெள்ள நீரை வறண்ட குளங்களுக்குத் திருப்பு என்று சர்க்காரைக் கேட்டார்கள். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டார்கள். வாக்குறுதி கொடுக்காத கட்சி இல்லை. மறக்காத ஆட்சியும் இல்லை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். "நிம்மதியாக இருங்கள்" என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. கேட்கவில்லை. 2019-ல் அடிக்கல் விழுந்தது. 1,916 கோடி ரூபாய்ச் செலவில், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

அதே 2024-ல், பிப்ரவரி மாதம், அவிநாசிலிங்கேசுவரர் கோவிலுக்குக் கும்பாபிஷேகமும் நடந்தது. கலசத்தில் தண்ணீர் விழுந்ததைப் பார்க்க வந்து நின்ற அதே விவசாயிகள்தான், ஆறு மாதம் கழித்துக் குளத்தில் தண்ணீர் விழுந்ததையும் பார்த்தார்கள். கும்பிட்டதால் அவர்கள் போராட்டம் கெட்டுப்போகவில்லை. கும்பிட்டதோடு நில் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால்தான் கெட்டிருக்கும். குளம் நிறைந்த அன்று அந்த ஊர்களில் இருந்த மன நிம்மதியை எந்தத் தியான வகுப்பில் வாங்க முடியும்?

"பணக்காரனுக்கும்தான் நிம்மதி இல்லையே!"

நமது நண்பர் ஒருவர் கேட்கிறார். காசு இருக்கிறவனும் தூக்க மாத்திரை போடுகிறான். ஆகவே நிம்மதிக்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை. ஆசையைக் குறைத்தால் போதும் என்கிறார்.

பணக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை என்பது வாஸ்தவம். வரியையும் பங்கு மார்க்கெட்டையும் பங்காளி வழக்கையும் நினைத்துப் புரள்கிறான். அவன் ஆசையைக் குறைக்கட்டும், தாராளமாகக் குறைக்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. நம் வீட்டில் எந்த ஆசையைக் குறைப்பது? அரிசியையா, வாடகையையா, பெண் குழந்தையின் காலேஜ் பீஸையா, கிழவியின் சர்க்கரை மாத்திரையையா? பட்டியலைக் கையில் கொடுத்து, எதை அடிப்பது என்று நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள் என்று அந்த நண்பரைக் கேளுங்கள்.

2021-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர்! 2010-ஐ ஒட்டித் திருப்பூரின் தற்கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இந்த 42 ஆயிரம் பேரும் நாத்திகர்களா? கடவுளைக் கும்பிடாதவர்களா? அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சாமி படம் இருந்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும். பக்தி குறைந்ததால் அவர்கள் சாகவில்லை. கடன்காரன் வந்து நின்ற நேரத்தில் பக்கத்தில் நிற்க ஒரு மனிதன் இல்லாததால் செத்தார்கள். யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் வந்தால் வெட்கப்படாமல் பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள், சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லுங்கள். மனநோய்க்கு மருந்து உண்டு. அதைச் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றுமில்லை.

இன்னொரு கேள்வி. இந்த நிம்மதி எல்லோருக்கும் பொதுவாகவா இருந்தது? பண்ணையாள் நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய சரித்திரத்தில், நாற்பது வேலி நிலத்தை விளைவித்து முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. கடவுளைப் பார்க்கவும் லீவு கேட்க வேண்டியிருந்தது விவசாயக் கூலி! போய்ச் சேர்ந்தபோது நெருப்பில் இறங்கச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அதுவரை கோவில் நிம்மதி வாசலுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை லட்சம் பேர்? சட்டம் வந்து எழுபது வருஷம் கழித்து, 2018 ஜூலையில், இதே அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று கூட்டம் கூடி மறித்தார்கள். மறித்தவர்களில் பக்தி இல்லாதவர் எத்தனை பேர் என்று நிம்மதி வியாபாரிகள் கொஞ்சம் விசாரித்துச் சொல்லட்டும். அந்தப் பெண்ணின் வேலை அதே பள்ளியில் நிலைத்தது, ஜனங்கள் தெருவுக்கு வந்து கேட்ட பிறகு.

1984-ல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த 127 நாளும் வீடுகளில் நிம்மதி இருந்தது என்று நாம் கதை கட்ட மாட்டோம். பானை காய்ந்தது, தாலி அடகுக் கடைக்குப் போனது. அதற்குப் பிறகு கம்பெனிகள் சிறு சிறு யூனிட்டுகளாகச் சிதறின. காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த நாட்களில் நின்றவர்களைப் பார்த்தால் கேட்டுப் பாருங்கள். அந்த 127 நாளில் தலை குனிந்து நடந்ததாக ஒருவரும் சொல்ல மாட்டார்.

கடைசியாக, விடுதிகள். மூன்று வருஷம் மில்லில் இரு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லித் தென் மாவட்டத்துப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்த திட்டத்துக்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம். பெயரிலேயே குங்குமம்! 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு உலகமே கேட்டது, பெயரை மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். விடுதி கேட்டில் பூட்டு, கைபேசிக்கு நேரக் கட்டுப்பாடு, மாலையில் பிரார்த்தனை. பிரார்த்தனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூட்டைத் திறந்துவிட்டுப் பிரார்த்தனை நடத்துங்கள். எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஆகவே தோழர்களே, இனி உங்கள் மில்லிலோ கம்பெனியிலோ மன அமைதி வகுப்பு என்று அழைத்தால் தாராளமாகப் போங்கள். கண்ணை மூடச் சொன்னால் மூடிக்கொள்ளுங்கள். அசந்த உடம்புக்கு அரைமணி ஓய்வு கிடைத்தால் வேண்டாம் என்று யார் சொல்வது? கண்ணைத் திறந்ததும் கையை உயர்த்திக் கேளுங்கள்: இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தூங்க விடுதியில் இருட்டான, காற்றோட்டமான அறை எத்தனை இருக்கிறது? போன மாதம் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டியாயிற்றா? பஞ்சுத் தூசியை உறிஞ்சும் மெஷின் எப்போதிலிருந்து ஓடவில்லை? இப்போது நாம் இங்கே உட்கார்ந்த இந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா?